ஃபைபர் அறுந்த பிறகு

சுவரோரம் மாட்டியிருக்கும் ஃபைபர் பெட்டியின் முகப்பில் நாலைந்து விளக்குகள் உண்டு. அவை பச்சையாக மினுங்கும்வரை யாரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. எல்ஓஎஸ் என்று பொறித்த விளக்கு சிவப்பாகச் சிமிட்டத் தொடங்கும்போதுதான் அப்படியொரு பெட்டி இருப்பதே அலுவலகத்துக்கு ஞாபகம் வரும். தெருமுனையில் வடிகாலுக்குத் தோண்டிய ஜேசிபியோ, உயரமாகச் சரக்கு ஏற்றிவந்த லாரியோ எங்கோ ஓரிடத்தில் கண்ணாடி இழையை அறுத்திருக்கிறது.

திருப்பூர் போன்ற ஊரில் இதற்கு நல்ல நாள், கெட்ட நாள் கிடையாது. ஆனால் மாதத்தின் 20ஆம் தேதி நடந்தால் வலி அதிகம். மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்பவர்களுக்கு அதுதான் கடைசி நாள். வாசலில் பனியன் பெட்டிகளை ஏற்றிய லாரி இ-வே பில்லுக்காக நிற்கும். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் அது இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது. “நெட் போயிருச்சுங்ணா” என்று கணக்குப் பிரிவிலிருந்து குரல் வரும். கேபிள்காரரைக் கூப்பிட்டால், “ஆள் போயிருக்குதுங்க, ஒரு மணி நேரத்துல வந்துரும்” என்பார். வராது. அவர் பொய் சொல்கிறார் என்று கோபப்பட வேண்டியதில்லை. இழையில் ஒளி ஓடும் நடுப்பகுதியின் விட்டம் சுமார் 9 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அறுந்த இரு முனைகளையும் சுத்தமாக வெட்டி, நேருக்கு நேர் நிறுத்தி, மின்பொறியால் உருக்கி ஒட்ட வேண்டும். அதற்கு இயந்திரம் வேண்டும், அதைக் கையாளத் தெரிந்த ஆள் வேண்டும். அதற்கும் முன்னால், எந்தத் தெருவில் அறுந்தது என்று தெரிய வேண்டும்.

உடனடி வைத்தியம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: யாராவது ஒருவர் தன் கைபேசியில் ஹாட்ஸ்பாட் போடுவது. ஒரு மடிக்கணினிக்கு அது போதும், அலுவலகத்துக்குப் போதாது. கணக்குப் பிரிவின் பழைய கணினியில் வைஃபையே இருக்காது. டேலி ஓடும் கணினி, பிரிண்டர், வருகைப்பதிவுக்கு விரல் வைக்கும் கருவி எல்லாம் ஒரே உள்வலையில் ஒன்றையொன்று நம்பி இருப்பவை. ஒரு கணினியை மட்டும் ஹாட்ஸ்பாட்டுக்கு மாற்றினால் இ-வே பில் எடுத்துவிடலாம், அச்சடிக்க முடியாது. கைபேசிக்காரர் டீ குடிக்கப் போனால் நெட்டும் கூடவே போய்விடும். எனவே மாற்றுவழி ரவுட்டரோடு சேர்ந்தே இருக்க வேண்டும்; கணினிகளுக்கு எதுவும் மாறியது தெரியக் கூடாது.

இதற்குக் கடையில் இரண்டு விதமாகச் சாமான் கிடைக்கிறது. யுஎஸ்பி துளையுள்ள ரவுட்டரில் 4ஜி டாங்கிளைச் செருகுவது ஒன்று. சிம் போடும் 4ஜி ரவுட்டரைத் தனியாக வாங்கி, அதிலிருந்து ஒரு லான் கேபிளை எடுத்து, இரண்டு வெளி இணைப்புகளை ஏற்கும் டூயல்-வான் ரவுட்டரின் இரண்டாவது வான் துளையில் செருகுவது மற்றொன்று. என் ஓட்டு இரண்டாவதற்கு. டாங்கிள்களுக்கு விசித்திரமான குணங்கள் உண்டு. பலவற்றைச் செருகியதும், டிரைவர் மென்பொருளைக் கணினிக்குக் கொடுப்பதற்காக, முதலில் தம்மை ஒரு சிடி டிரைவ் என்றே அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. ‘நீ சிடி இல்லை, மோடம்’ என்று அதற்குரிய கட்டளையை ரவுட்டர் அனுப்பினால்தான் மாறும். அந்த மாடலுக்கான கட்டளை ரவுட்டருக்குத் தெரியாவிட்டால் டாங்கிள் கடைசிவரை சிடியாகவே இருந்துவிடும். போதாததற்கு, சிக்னல் குறைந்த இடத்தில் டாங்கிள் உரக்கப் பேச முயலும்போது மின்சாரம் அதிகம் இழுக்கும், யுஎஸ்பி 2.0 துளை தர வேண்டிய அளவு 500 மில்லிஆம்பியர்தான். அது தாங்காமல் டாங்கிள் அணைந்து எழும். தனிப் பெட்டிக்கு இந்தச் சிக்கல்கள் இல்லை. அதோடு அதைச் சிக்னல் கிடைக்கும் இடத்துக்குத் தூக்கிப்போய் வைக்கலாம். இதன் அருமை பிறகு வரும்.

இணைக்கும்போது ஒரு சின்ன விஷயம். ஃபைபர் பெட்டியும் 4ஜி ரவுட்டரும் தத்தம் உள்முகவரியாக 192.168.1.1 என்பதையே வைத்திருப்பது சர்வசாதாரணம். டூயல்-வான் ரவுட்டர் இரண்டு பக்கமும் ஒரே ஊர் இருப்பதைப் பார்த்து விழிக்கும். ஒன்றை 192.168.8.1 என்பதுபோல் மாற்றிவிட்டால் தீர்ந்தது. ஏபிஎன் எனப்படும் பெயரைப் பெரும்பாலான பெட்டிகள் சிம்மைப் பார்த்துத் தாமே போட்டுக்கொள்கின்றன. மற்றவை அரை மணி நேர வேலை.

வேலை முடிந்தது என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான். விஷயமே இனிமேல்தான் இருக்கிறது. ஃபைபர் செத்துவிட்டது என்று ரவுட்டருக்கு யார் சொல்வது?

ரவுட்டரின் கண்ணோட்டத்தில் பாருங்கள். அதன் வான் துளையில் ஒரு லான் கேபிள் செருகியிருக்கிறது. மறுமுனையில் ஃபைபர் பெட்டி மின்சாரத்தோடு உயிராக இருக்கிறது. கேட்டால் ஐபி முகவரி கொடுக்கிறது, கூப்பிட்டால் பதில் சொல்கிறது. இழை அறுந்தது அந்தப் பெட்டிக்கு அப்பால், இரண்டு தெரு தள்ளி. துளையில் கேபிள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் மலிவான ரவுட்டர், எல்லாம் நலம் என்று நம்பிக்கொண்டு அத்தனை தகவல் பொட்டலங்களையும் அறுந்த இழையை நோக்கியே அனுப்பிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே நல்ல 4ஜி சும்மா நிற்கும். பேக்அப் வாங்கி வைத்தும் பயனில்லை என்று புலம்புபவர்களிடம் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

ஆகவே, ரவுட்டர் தொலைவில் உள்ள ஒருவரை அவ்வப்போது கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிங் என்பது அதுதான்: ஒரு சிறு பொட்டலத்தை அனுப்பி, எதிரொலி வருகிறதா என்று காத்திருப்பது. கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 ஆகிய முகவரிகளை இதற்குப் பயன்படுத்துவது வழக்கம். ஐந்து வினாடிக்கு ஒருமுறை கூப்பிடுவது, தொடர்ந்து மூன்று முறை பதில் இல்லையென்றால் வழியை மாற்றுவது என்று வைத்தால், ஃபைபர் அறுந்து சுமார் 15 வினாடியில் அலுவலகம் மொபைலுக்குப் போய்விடும். ஒரே முகவரியை மட்டும் கூப்பிடுவது ஆபத்து. அது பதில் சொல்லாத ஒரு நாளில் நல்ல ஃபைபரையும் ரவுட்டர் கைவிட்டுவிடும். இரண்டு முகவரிகளும் மௌனமானால் மட்டுமே மாறுவது என்று வைப்பது நல்லது.

இதிலொரு கண்ணி இருக்கிறது, கைதேர்ந்தவர்களும் மாட்டிக்கொள்வது. வழி மாறிய பிறகு, ஃபைபர் திரும்பிவிட்டதா என்று அறிய ரவுட்டர் மறுபடி 8.8.8.8ஐக் கூப்பிடுகிறது. அந்தக் கூப்பாடு இப்போது எந்த வழியாகப் போகிறது? மொபைல் வழியாக. பதில் வருகிறது. ‘ஆகா, ஃபைபர் வந்துவிட்டது’ என்று ரவுட்டர் பழைய வழிக்குத் திரும்புகிறது. அங்கே பிங் தோற்கிறது. மீண்டும் மொபைல். மீண்டும் ஆகா. அரை நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி அலைபாய்ந்துகொண்டே இருக்கும். ஃபைபரைச் சோதிக்கும் பொட்டலம், வழி எதுவாக மாறியிருந்தாலும், ஃபைபரில் மட்டுமே போகும்படி கட்டிப்போட வேண்டும். நல்ல ரவுட்டர்கள் இதைத் தாமே செய்கின்றன. மைக்ரோடிக் ரவுட்டர்கள் போன்றவற்றில் நாம்தான் விதி எழுத வேண்டும்.

திரும்பி வருவதிலும் அவசரம் கூடாது. கேபிள்காரர் இழையை ஒட்டும்போது இணைப்பு இரண்டு தடவை வந்து போகும். ஒவ்வொரு தடவையும் ரவுட்டர் கட்சி மாறினால் எல்லாருடைய வேலையும் ஒவ்வொரு தடவை அறுபடும். மொட்டைமாடித் தொட்டிக்கு வைக்கும் தானியங்கி மோட்டார் இதற்கு நல்ல பாடம்: தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கினால் ஓடும், மேல்விளிம்பைத் தொட்டால் நிற்கும். இரண்டுக்கும் ஒரே மட்டத்தை வைத்தால் மோட்டார் நிமிடத்துக்குப் பத்துமுறை ஓடி நின்று கருகிவிடும். ரவுட்டரிலும் போகும் எல்லை வேறு, திரும்பும் எல்லை வேறு. போவதற்கு 15 வினாடி, திரும்புவதற்கு ஐந்து நிமிட இடைவிடாத நல்ல பதில் என்று வைப்பது என் வழக்கம்.

செத்த இணைப்பைக் கண்டுபிடிப்பது இவ்வளவுதான். சாகாமல் இழுத்துக்கொண்டிருக்கும் இணைப்புதான் உண்மையான தலைவலி. இழை எங்கோ மடிந்து ஒளி பாதி கசிந்தாலோ, நிறுவனத்தின் வழியில் நெரிசல் ஏற்பட்டாலோ, நூறில் பத்துப் பொட்டலம் தொலையும். பிங்குக்குத் தொடர்ந்து மூன்று முறை தோல்வி என்பது அபூர்வமாகத்தான் வாய்க்கும். ஆகவே ரவுட்டர் மாறாது. ஆனால் வீடியோ அழைப்பில் முகங்கள் உறைந்து நிற்கும், வங்கிப் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். தொலைந்த சதவீதத்தையும் தாமதத்தையும் எண்ணிப் பார்த்து மாறும் ரவுட்டர்கள் உண்டு. அவை இல்லாதவர்களுக்கு ஃபைபர் கேபிளைக் கையால் பிடுங்குவதே வழி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, எந்த நிறுவனத்தின் சிம்? இந்தக் கேள்விக்கு வேகத்தைப் பார்த்துப் பதில் தேடுவது தவறு என்பேன். ஒரு சின்னக் கணக்கு. உங்கள் ஃபைபர் ஆண்டில் 99 சதவீத நேரம் வேலை செய்கிறது என்று வையுங்கள். நல்ல மதிப்பெண்தான், ஆனால் மீதி ஒரு சதவீதம் என்பது ஆண்டுக்கு 87 மணி நேரத்துக்கு மேல். மொபைலும் அதே தரம், இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கெடுகின்றன என்றால், இரண்டும் ஒரே நேரத்தில் படுத்திருக்கும் காலம் ஆண்டுக்கு வெறும் 53 நிமிடம். பிரமாதம். ஆனால் ‘சம்பந்தமில்லாமல்’ என்ற அந்தச் சொல்லில்தான் கணக்கு முழுவதும் தொங்குகிறது. பத்தில் ஒரு கோளாறு இரண்டையும் சேர்த்து அடிக்கும் வகை என்றால்கூட, 53 நிமிடம் ஒன்பது மணி நேரத்தைத் தாண்டிவிடும். மாற்று இணைப்பு வேகமாக இருப்பதைவிட, முதல் இணைப்பைக் கொன்ற காரணம் தன்னைக் கொல்லாமல் இருப்பதுதான் அதன் தகுதி.

கனடாவில் 2022 ஜூலை 8ஆம் தேதி இதைக் கோடிக்கணக்கானவர்கள் பாடமாகக் கற்றார்கள். அந்நாட்டின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களில் ஒன்றான ராஜர்ஸ், பராமரிப்பு வேலையின்போது செய்த ஒரு மாற்றத்தால் அதன் மையத்தில் இருந்த ரவுட்டர்கள் தாங்க முடியாத அளவு வழித்தகவல் வெள்ளமாகப் பாய்ந்தது. மையம் படுத்தது. வீட்டு இணையம், மொபைல் இரண்டுமே அந்த ஒரே மையத்தைச் சார்ந்திருந்ததால் இரண்டும் சேர்ந்து படுத்தன. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள். ராஜர்ஸ் ஃபைபருக்கு ராஜர்ஸ் சிம்மையே மாற்றாக வைத்திருந்த கடைக்காரருக்கு அன்று இரண்டு செத்த இணைப்புகள் இருந்தன. நாடு முழுவதும் கடைகளில் டெபிட் அட்டை தேய்க்கும் இண்டராக் சேவையும் நின்றது. பழுதுபார்க்க வேண்டிய ராஜர்ஸ் ஊழியர்களே ஒருவரையொருவர் தொடர்புகொள்ளத் திணறினார்கள். அவர்கள் கையிலும் ராஜர்ஸ் இணைப்புதானே இருக்கும். மொபைல், இணையம் இரண்டின் மையத்தையும் பிரிப்பதாக நிறுவனம் பிறகு அறிவித்தது. இண்டராக் இன்னொரு நிறுவனத்தின் இணைப்பையும் சேர்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்னது. அடுத்த ஆண்டு நவம்பர் 8 அன்று ஆஸ்திரேலியாவில் ஆப்டஸ் நிறுவனத்துக்கும் ஏறக்குறைய இதே கதி. சுமார் ஒரு கோடிப் பேர்.

எனவே ஃபைபர் ஜியோ என்றால் சிம் ஏர்டெல்லாகவோ பிஎஸ்என்எல்லாகவோ இருக்கட்டும். ஃபைபர் ஏர்டெல் என்றால் சிம் வேறொன்றாக இருக்கட்டும். மாத பில் ஒன்றாக வரும், தள்ளுபடி கிடைக்கும் என்று கடைக்காரர் ஒரே நிறுவனத்தைச் சிபாரிசு செய்வார். மறுத்துவிடுங்கள்.

பெயர் வேறாக இருந்தால் மட்டும் போதாது என்பதுதான் கொடுமை. கைபேசிக் கோபுரம் காற்றில் பேசுவது உங்கள் சிம்மோடு. அங்கிருந்து நகரத்துக்குப் போகும் வழி பல இடங்களில் இன்னொரு ஃபைபர். அதுவும் அதே தெருவின் அதே வடிகால் ஓரமாக ஓடினால், ஒரே ஜேசிபி இரண்டையும் முடித்துவிடும். கோபுரத்தின் மேல் மத்தளம்போல் வட்டத்தட்டு தெரிந்தால் அது நுண்ணலை இணைப்பு. அதற்கு ஜேசிபி பயம் கிடையாது. தவிர, இன்டஸ் டவர்ஸ் போன்ற நிறுவனங்களின் ஒரே கோபுரத்தில் வெவ்வேறு கம்பெனிகளின் ஆண்டெனாக்கள் குடியிருக்கின்றன. பேட்டரியும் ஜெனரேட்டரும் பொது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் நாள்கணக்கில் இல்லை. கைபேசி சிக்னலும் கூடவே போனது. அந்த அளவு பேரிடருக்கு எந்தச் சிம்மும் காப்பு ஆகாது. வடிகால் தோண்டும் செவ்வாய்க்கிழமைக்கு ஆகும். எதற்காக வாங்குகிறோம் என்பதில் தெளிவு இருந்தால் ஏமாற்றமும் இராது.

மின்சாரம் என்றதும் சொல்லிவிடுகிறேன். நெட் போச்சு என்று வரும் புகார்களில் பல உண்மையில் கரண்ட் போன புகார்கள். கணினிகளுக்கு யுபிஎஸ் இருக்கும். ஃபைபர் பெட்டியின் அடாப்டர் மட்டும் சுவரில் தனியாகச் செருகியிருக்கும். வீதிக்கு வரும் ஃபைபரில் ஒளியைப் பிரித்துக்கொடுக்கும் சிறு பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. ஒரே ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குக் கண்ணாடியே பங்கிட்டுக் கொடுக்கிறது. ஆகவே தெரு முழுக்க இருட்டானாலும் உங்கள் முனையில் 12 வோல்ட் இருந்தால் பெரும்பாலும் ஃபைபர் ஓடும். ஃபைபர் பெட்டி, 4ஜி ரவுட்டர், பிரதான ரவுட்டர் மூன்றையும் யுபிஎஸ்ஸுக்கு மாற்றுவதே பாதி மாற்றுவழி. செலவு கிட்டத்தட்ட இல்லை.

இனி காற்று. கைபேசியின் மேல்மூலையில் தெரியும் நான்கு கோடுகளை நம்பி ரவுட்டருக்கு இடம் பார்க்காதீர்கள். 4ஜி ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று ஓர் எண் இருக்கும்; மைனஸ் 80 டிபிஎம் என்றால் அருமை, மைனஸ் 100 என்றால் பரவாயில்லை, மைனஸ் 115 என்றால் இடத்தை மாற்றுங்கள். ஒவ்வொரு பத்து எண்ணுக்கும் ஆற்றல் பத்து மடங்கு மாறுகிறது. அதாவது 80க்கும் 100க்கும் இடையே நூறு மடங்கு. மைனஸ் 100 என்பது ஒரு வாட்டைப் பத்து லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. அதிலிருந்து ஒரு வீடியோ அழைப்பைப் பிரித்தெடுக்கிறது அந்தப் பெட்டி. நினைத்தால் இன்னமும் வியப்பாகத்தான் இருக்கிறது. பக்கத்திலேயே எஸ்ஐஎன்ஆர் என்ற இன்னோர் எண் இருக்கும். அது இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்பது. 20 இருந்தால் மகிழலாம். பூஜ்யத்தை ஒட்டினால் கோடுகள் நிறைந்திருந்தும் வேகம் வராது.

தொலைவு கூடும்போது முதலில் நொண்டுவது நாம் அனுப்பும் பக்கம். கோபுரம் இருபது, நாற்பது வாட்டில் பேசுகிறது. சிம் போட்ட கருவி அதிகபட்சம் 0.2 வாட்டில்தான் பதில் பேசலாம். எனவே கோபுரம் சொல்வது நமக்குக் கேட்கும், நாம் சொல்வது அதற்குக் கேட்காது. வேகச் சோதனையில் இறங்கும் வேகம் 30 எம்பிபிஎஸ் காட்டும். வீடியோ கூட்டத்தில் நீங்கள் பேசுவது மட்டும் எதிரில் இருப்பவருக்குத் துண்டு துண்டாகப் போகும். 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இது கொஞ்சம் கூடுதல். அங்கே அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கின்றன. நேரத்தில் பெரும்பங்கைப் பெறுவதற்கே ஒதுக்குகிறார்கள். அதிர்வெண் ஏற ஏற சுவரைத் துளைக்கும் திறனும் குறையும். 900 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 33 சென்டிமீட்டர், 2300இல் 13, இந்தியாவில் 5ஜிக்குப் பெரிதும் பயன்படும் 3500 பக்கத்தில் ஒன்பதுக்கும் குறைவு. ஜன்னலோரம் சீறிப்பாயும் 5ஜி, உள்ளறையில் 4ஜியாகி நிற்பதன் காரணம் இதுதான். பலகாரக்கடை பில்லுக்கு எது கிடைத்தாலும் போதும். அலுவலகத்துக்கு, அனுப்பும் வேகம் நிலையாக இருக்கும் 1800 மெகாஹெர்ட்ஸ் சில இடங்களில் கண்ணைப் பறிக்கும் 5ஜியைவிட உபயோகம்.

திருப்பூரின் தையல் கூடங்களுக்கு இதில் தனிக் கஷ்டம். தகரக் கூரை, தகரப் பக்கச்சுவர். உலோகத் தகட்டுக்குள் வானலை நுழையாது. ஜன்னல், கதவு வழியாக வருவதுதான் வரவு. வெளியே ஆண்டெனா மாட்டி நீளமான கேபிளில் உள்ளே கொண்டுவரலாமே என்று தோன்றும். மெல்லிய ஆண்டெனா கேபிளில் இந்த அதிர்வெண்களில் மீட்டருக்கு மீட்டர் சிக்னல் கரையும். பத்து மீட்டர் இழுத்தால், வெளியே சம்பாதித்ததில் பெரும்பகுதி வழியிலேயே செலவாகிவிடும். லான் கேபிள் அப்படியில்லை. அதில் ஓடுவது எண்கள், 100 மீட்டர்வரை ஒன்றும் குறையாது. எனவே 4ஜி ரவுட்டரையே ஜன்னலோரமோ மாடிப்படி உச்சியிலோ வைத்து, அங்கிருந்து லான் கேபிளை இழுங்கள். தனிப் பெட்டி வாங்கச் சொன்னதன் காரணம் இதுதான்.

வழி மாறும் அந்தக் கணத்தில் என்ன நடக்கிறது என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். இணையத்தில் ஒரு பேச்சை அடையாளம் காண்பது இரு முனைகளின் ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் வைத்துத்தான். ஃபைபரிலிருந்து மொபைலுக்கு மாறியதும் வெளியுலகுக்கு நம் முகவரியே மாறிவிடுகிறது. வங்கியின் சர்வருக்கு, பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்துபோய், முகம் தெரியாத ஒருவர் அவர் வாக்கியத்தைத் தொடர்வதுபோல் இருக்கும். சந்தேகப்பட்டு வெளியே தள்ளுவது அதன் கடமை. மறுபடி லாகின், மறுபடி ஓடிபி. விபிஎன் அறுந்து மறுபடி சேரும். 2021இல் தர நிர்ணயம் பெற்ற க்விக் என்ற நெறிமுறை, முகவரிக்குப் பதிலாகத் தனி அடையாள எண்ணைக் கொண்டு பேச்சைத் தொடர்கிறது. யூடியூபில் ஓடும் படம் சில சமயம் சிறு தயக்கத்தோடு தொடர்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஆக, வேலை நின்றாலும் படம் நிற்காது. தொழில்நுட்பத்துக்கு இப்படியும் ஒரு நகைச்சுவை உணர்வு.

உள்ளே வர வேண்டியவர்களுக்குக் கதவு முற்றிலும் அடைபடும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. உலகத் தொகுப்பிலிருந்து கடைசிப் பங்குகள் 2011 பிப்ரவரியில் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன. அதன்பின் ஒரே பொதுமுகவரிக்குப் பின்னால் ஏராளமான வாடிக்கையாளர்களை உட்கார வைப்பது மொபைல் நிறுவனங்களின் வழக்கமாகிவிட்டது. 4ஜி ரவுட்டரின் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். 2012இல் இந்த வேலைக்கென்றே ஒதுக்கிய முகவரிகள் அவை. வெளியே பேசலாம், வெளியிலிருந்து உங்களை யாரும் கூப்பிட முடியாது. வீட்டிலிருந்து அலுவலகக் கணினிக்கு நேரடியாக ரிமோட்டில் நுழைபவர், கேமரா பதிவை முகவரி போட்டுப் பார்ப்பவர் எல்லாரும் வெளியே நிற்பார்கள். குறிப்பிட்ட நிலையான ஐபியிலிருந்து வந்தால்தான் அனுமதிப்பேன் என்று வைத்திருக்கும் வாடிக்கையாளரின் சர்வரும் அன்றைக்குத் திறக்காது. இதெல்லாம் இல்லாமல் தொழில் நடக்காது என்பவர்கள் நிலையான ஐபி தரும் சிம்முக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், அல்லது வேறொரு தெரு வழியாக வரும் இரண்டாவது ஃபைபரை எடுக்க வேண்டும். சாதாரண மொபைல் சிம்மை அவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மற்றவர்களுக்கு எவ்வளவு வேகம் தேவை? ஆச்சரியப்படும்படி கொஞ்சம்தான். ஓர் இணையவழித் தொலைபேசி அழைப்புக்கு 0.1 எம்பிபிஎஸ். இ-வே பில், ஜிஎஸ்டி பக்கங்கள் அதைவிடப் பொறுமையானவை. ஒரு வீடியோ அழைப்புக்கு இரண்டு, மூன்று. பத்துப் பேர் அலுவலகம் ஐந்து முதல் பத்து எம்பிபிஎஸ்ஸில் மானமாகப் பிழைக்கலாம், மற்ற கும்பலை அடக்கினால். மற்ற கும்பல் என்பது மனிதர்கள் அல்ல. விண்டோஸ் அப்டேட், கூகுள் டிரைவ், எல்லாருடைய பையிலும் உள்ள கைபேசிகள் தம் புகைப்படங்களை மேலே ஏற்றுவது, கேமராப் பதிவு கிளவுடுக்குப் போவது. நாளுக்கு 2 ஜிபி தரும் சாதாரண ப்ரீபெய்டு சிம்மை இவை 16 எம்பிபிஎஸ்ஸில் உறிஞ்சினால் ஆயிரம் வினாடியில், அதாவது 17 நிமிடத்துக்குள், அன்றைய பங்கு காலி. அதன்பின் பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு விழும். ஒரு எம்பி உள்ள பிடிஎஃப் இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல். கணினியில் ‘மீட்டர்டு’ என்று குறித்து வைத்தால் அப்டேட் அடங்கும் என்பது சரிதான், ஆனால் வழி மாறியது ரவுட்டருக்கு மட்டுமே தெரியும்; கணினிக்கு எல்லா நாளும் ஒரே நாள். ஆகவே விதி ரவுட்டரில் இருக்க வேண்டும்: இரண்டாவது வான் ஓடும்போது விருந்தினர் வைஃபைக்கும் கேமராவுக்கும் இணையம் கிடையாது, கணக்குப் பிரிவுக்கு முதலிடம். தினசரி வரம்பு இல்லாமல் மொத்தமாக ஜிபி தரும் டேட்டாத் திட்டம், நாளுக்கு இவ்வளவு என்று சொட்டு சொட்டாகத் தருவதைவிட இந்த வேலைக்குப் பொருத்தம். மாதம் முழுக்கத் தூங்கி ஒரே மதியத்தில் விழுங்கும் ஜாதி இது.

டிஎன்எஸ் பற்றி ஒரு வரி: சில நிறுவனங்களின் பெயர்வழிகாட்டி சர்வர் தன் சொந்த வாடிக்கையாளருக்கு மட்டுமே பதில் சொல்லும். ரவுட்டரில் அதையே எழுதி வைத்திருந்தால், மொபைலுக்கு மாறிய பிறகு பிங் போகும், ஒரு வலைத்தளமும் திறக்காது. பொதுவான ஒன்றை எழுதி வையுங்கள்.

இவ்வளவையும் செய்துவிட்டுச் சோதிக்காமல் விட்டால் வீண். சோதனை என்றால் வான் துளையின் லான் கேபிளைப் பிடுங்குவது அல்ல. அதை எந்த மலிவு ரவுட்டரும் கண்டுபிடித்துவிடும். ஃபைபர் பெட்டியின் அடியில் மெல்லிய மஞ்சள் வயர் செருகியிருக்கும். சனிக்கிழமை மதியம் வேலை ஓய்ந்ததும் அதைக் கழற்ற வேண்டும். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கக் கூடாது, அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத 1490 நானோமீட்டர் லேசர். முனையை விரலால் தொடவும் கூடாது. விரல் எண்ணெய் பட்டால் சோதனைக்குக் கழற்றிய இணைப்பு உண்மையாகவே கெட்டுவிடும். எல்ஓஎஸ் சிவப்பானதும் கணினி ஒன்றில் இ-வே பில் தளத்தைத் திறந்து, இன்னொருவரை வீடியோவில் அழைத்து, பிரிண்டருக்கு ஒரு தாள் அனுப்பிப் பார்க்கலாம். விருந்தினர் வைஃபை அடங்கியதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். பிறகு மஞ்சள் வயரைச் செருகிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தால், ரவுட்டர் தானாகத் திரும்புகிறதா என்பது தெரியும்.

கடைசியாக ரீசார்ஜ். இந்தியாவின் ப்ரீபெய்டு மாதத்துக்குப் பெரும்பாலும் 28 நாள்தான்; ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம். திட்டம் முடியப் போகிறது என்ற எஸ்எம்எஸ் தவறாமல் வரும், சிம் இருக்கும் இடத்துக்கு. சிம் இருப்பது ரவுட்டருக்குள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் எங்கோ ஓர் ஓரத்தில் எஸ்எம்எஸ் பெட்டி என்று ஒன்று இருக்கும். அதில் படிக்காத செய்திகள் வரிசையாகக் காத்திருக்கும். நீண்ட நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணை நிறுவனம் முடக்கவும் செய்யலாம். போஸ்ட்பெய்டு எடுத்து அலுவலகத்தின் மற்ற பில்களோடு சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை பாதி தீரும். ப்ரீபெய்டுதான் என்றால், ஓராண்டுத் திட்டமாகப் போட்டு முடியும் தேதியை எழுதி ரவுட்டரின் தலையிலேயே ஒட்டிவிடுங்கள்.